புட்டியில் பிறக்கும் வாழை: கம்பம் பள்ளத்தாக்கில் உயிரித்தொழில்நுட்பச் செய்முறைப் பயிற்சி

உயிரித்தொழில்நுட்பம் படித்தவரை வேலைக்குத் தகுதியாக்குவது ஆய்வகத்தில் வரும் கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கம் எதனால் ஆனது, அதை எப்படிக் கற்பது, தேனி மாவட்டத்தில் அதற்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதே இன்றைய பொருள்.

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தெற்கே போகிறவர் சாலையோரத்து ஜி-9 வாழைத் தோப்புகளைப் பார்க்காமல் போக முடியாது. கிராண்ட் நைன் என்பது அதன் முழுப்பெயர். விவசாயிகள் 'திசு வாழை' என்கிறார்கள். அந்தக் கன்று பிறந்தது எங்கே? தாய்மரத்தின் கிழங்கிலா? இல்லை, கண்ணாடிப் புட்டியில். முகக்கவசம் கட்டி, கையைச் சாராயத்தில் துடைத்துக்கொண்டு, ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்து வெட்டிப் பிரித்து நட்ட கன்று அது. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இந்த மண்ணில் ஆய்வகம் எப்போதோ வயலுக்குள் வந்துவிட்டது. உயிரித்தொழில்நுட்பம் என்றால் பெங்களூரு, ஹைதராபாத் என்று நினைக்கும் மாணவர், முதலில் தம் வீட்டுத் தோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையில் பட்டம் பெறுகிறவர்களுக்குக் குறை ஒன்று உண்டு. திசு வளர்ப்பு ஊடகத்தில் என்னென்ன உப்பு சேரும் என்று கேட்டால் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுகிறார்கள். ஒரு லிட்டர் ஊடகம் காய்ச்சிக் கொடுங்கள் என்றால் தயங்குகிறார்கள். காரணம் மாணவர்களிடம் இல்லை. முப்பது பேர் ஒரு கருவியைச் சுற்றி நிற்க, ஆசிரியர் ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுவதற்குச் செய்முறை வகுப்பு என்று பெயர் வைத்தாகிவிட்டது. பார்த்து வருவதா கைப்பழக்கம்? போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களைக் கவனித்தால் தெரியும். நிறம், பருமன், வெடிப்பு எல்லாம் பார்த்து விரல் ஒதுக்கிக்கொண்டே போகும். வாய் பேசிக்கொண்டே இருக்கும். திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுகிறவர் எந்தக் கணுவை விட்டு எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று நின்று யோசிப்பதில்லை. ஆய்வகத்துக் கையும் அப்படி ஆக வேண்டும். பல நாள், பல நூறு முறை செய்து ஆக வேண்டும்.

ஒரு வாழைக்கன்றை அதன் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால், எந்தப் படியில் எந்தத் திறமை வேண்டும் என்பது தெளிவாகும்.

முதலில் ஊடகம், அதாவது புட்டியில் செடிக்குக் கொடுக்கும் சாப்பாடு. முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962-ல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவை இன்றும் வாழைக்குப் பயன்படுகிறது. உப்புகளும் வைட்டமின்களும் போக, லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், கெட்டிப்படுத்த அகர் 7 அல்லது 8 கிராம், குருத்துகள் பெருக சில மில்லிகிராம் ஹார்மோன். கார அமில நிலை 5.8-ல் நிற்க வேண்டும். அமிலம் மிஞ்சினால் அகர் உறையாது. புட்டியைச் சாய்த்தால் கஞ்சி போல ஓடும். இந்த வரியைப் படித்து மறந்த மாணவர் ஆயிரம் பேர் உண்டு. உறையாத நாற்பது புட்டிகளைத் தாமே கொட்டிக் கழுவிய மாணவர் அதை மறப்பதே இல்லை.

பிறகு ஆட்டோகிளேவ். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பம், 15 முதல் 20 நிமிடம். வீட்டுக் குக்கர் வேலை செய்யும் அதே தத்துவம்தான். பெரிய கருவி வாங்க வசதியில்லாத கல்லூரி, நல்ல குக்கரை வைத்தே மாணவருக்கு இந்தப் படியைக் கற்றுத் தந்துவிடலாம்; கருவி இல்லை என்பதைச் செய்முறையைக் கைவிடக் காரணமாகச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல. நேரம் குறைந்தால் கிருமி பிழைக்கும். நேரம் மிஞ்சினால் சர்க்கரை கருகி ஊடகம் பழுப்பேறும். வெப்பம் தாங்காத சில ஹார்மோன்களை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். எதைக் காய்ச்சலாம், எதை வடிக்கலாம் என்று தெரிந்தவரையே நிறுவனங்கள் தேடுகின்றன.

அடுத்தது வெட்டு. நோயில்லாத, நல்ல தார் ஈன்ற தாய்மரத்தின் ஈட்டி இலைக் கன்றைத் தோண்டியெடுத்து, மண்ணையும் வேரையும் நீக்கி, கிழங்கைச் சிறு கட்டையாகச் செதுக்கி, கிருமிநாசினியில் ஊறவைத்து, கழுவி, லேமினார் காற்றறைக்குள் கொண்டுவருகிறார்கள். வடிகட்டிய காற்று முகத்துக்கு நேராக வந்துகொண்டே இருக்கும். கத்தியைச் சுடரில் காட்டி, ஆறவிட்டு, மட்டையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெண்ணிறக் குருத்து நுனி தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அந்தத் துண்டுதான் விதை. சூடான கத்தி பட்டால் அது வெந்துவிடும். மெதுவாக வெட்டினால் வாழைப்பால் கறுத்து, துண்டும் ஊடகமும் கறுத்துப்போகும். வேகமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கையில் தெளித்த சாராயம் காயுமுன் சுடர் அருகே கை போனால் கை பற்றிக்கொள்ளும். சில ஆய்வகங்களில் கிருமி நீக்கப் பயன்படும் மெர்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு. அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. புற ஊதா விளக்கு எரியும்போது காற்றறைக்குள் கைவிடக் கூடாது. பயிற்சியின் முதல் நாளே சொல்லவேண்டியவை இவை. பாதுகாப்பைச் சொல்லித் தராமல் வேலையை மட்டும் சொல்லித் தரும் இடம் எதுவாக இருந்தாலும், அது பயிற்சிக்கூடம் என்ற பெயருக்குத் தகுதியில்லாதது.

மூன்று நாள் கழித்துப் புட்டிகளைப் பார்க்க வேண்டும். பயிற்சியின் உயிரான பகுதி இதுதான். புதியவர் வைத்த புட்டிகளில் பல கெட்டுப்போயிருக்கும். கெட்டது என்று வீசிவிட்டால் பாடமும் அதோடு போய்விடும். எப்படிக் கெட்டது என்று பார்க்க வேண்டாமா? வெட்டுத் துண்டின் அடியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவியிருந்தால், கிருமி செடிக்குள்ளேயே இருந்திருக்கிறது. தாய்க்கன்றின் தேர்விலோ கழுவலிலோ குறை. செடியை விட்டுத் தள்ளி ஊடகத்தின் மேல் பஞ்சு போலப் பூஞ்சைப் புள்ளிகள் எழுந்திருந்தால், காற்றிலிருந்தோ கையிலிருந்தோ விழுந்திருக்கிறது. உட்கார்ந்த விதத்தில் குறை. செடியே வைக்காத, திறக்காத புட்டியும் கெட்டிருந்தால் ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்யவில்லை. மூன்று அடையாளம், மூன்று காரணம், மூன்று திருத்தம். கெட்ட புட்டிகளை வரிசையாக மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று மாணவரையே சொல்லவைக்கும் ஆசிரியர் கிடைத்தால் அந்த மாணவர் கொடுத்துவைத்தவர்.

தேறிய புட்டிகள் வளர்ப்பறைக்குப் போகும். 25 டிகிரி வெப்பம், நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிரித்துப் புதுப் புட்டியில் வைக்க வேண்டும். ஒரு குருத்து மூன்றாகும் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும், எட்டாவது பிரிப்பில் 6,561 ஆகும். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 கன்று. அப்படியானால் நகத்தளவு துண்டு ஒன்றிலிருந்து ஐந்து ஏக்கர் வாழை!

எட்டோடு ஏன் நிறுத்த வேண்டும்? பிரிக்கப் பிரிக்கக் குட்டை மரம், தடித்த இலை, கோணிய தார் என்று இனம் மாறிய கன்றுகள் கூடும். அதனால்தான் வாழையில் எட்டு சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2006-ல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. புட்டியில் எந்தச் சுற்று, எந்தத் தேதி, எந்தத் தாய்மரம், யார் கை என்று எழுதியிருக்க வேண்டும். இதை எழுத்து வேலை என்று அலட்சியமாக நினைக்கும் மாணவர்கள் உண்டு. சுற்று எண்ணை எழுதாமல் விட்ட ஒருவரால் ஒரு விவசாயியின் ஓராண்டு உழைப்பு வீணாகலாம். மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகிறவருக்கும் இதே ஒழுங்குதான் அடிப்படை: தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, படிக்கத் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

வேர் விட்ட செடி புட்டியை விட்டு வெளியே வருவது ஆபத்தான கட்டம். புட்டிக்குள் ஈரத்திலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு கிடையாது; இலைத்துளைகளுக்கு மூடிக்கொள்ளத் தெரியாது. வெளிக்காற்றில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய அகரைச் சுத்தமாகக் கழுவி, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு பைக்கு மாற்றி நிழல்வலைக் குடிலில் பழக்க வேண்டும். இரண்டு கட்டமும் சேர்த்து இரண்டரை மூன்று மாதம் ஆகும். தேனிப் பக்கத்து ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை சுற்றவைக்கும் அந்தக் காற்றை அறியாமல் நிழல்குடில் போட்டவர் கன்றுகளை இழப்பார். ஆய்வகத்துப் படிப்பும் ஊர் அறிவும் கைகோக்கும் இடம் இது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இங்கே மற்றவரைவிட ஒரு படி முன்னதாகவே தொடக்கம்.

இப்போது ஐந்து ஏக்கர் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். தாய்மரத்தில் கண்ணுக்குத் தெரியாத வைரஸ் இருந்தால் என்ன ஆகும்? ஆறாயிரத்து ஐந்நூறு கன்றும் நோய்க்கன்று. பக்கத்து மலையே இதற்குச் சாட்சி. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் விளையும் விருப்பாச்சி மலைவாழை ஒரு காலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்தது. அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோயால் அது ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. நோய் நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு அதை மீட்கும் வேலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் ஈடுபட்டன. அந்த மீட்பின் நடுவில் இருப்பது ஒரு சோதனை: இலையை அரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் கருவியில் வைரஸின் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது. தேமல் வைரஸ்கள் சிலவற்றுக்கு எலிசா சோதனையும் உண்டு.

பிசிஆர் என்ற மூன்றெழுத்தை 2020-க்குப் பிறகு அறியாத வீடு இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனையைத் தொடங்கிய முதல் சில ஆய்வகங்களுள் ஒன்று, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகம். 2004-ல் தொடங்கிய கல்லூரி அது. சென்னை கிண்டி ஆய்வகத்தின் பெயரோடு தேனியின் பெயரும் சேர்ந்து செய்தியில் வந்தது இந்த மாவட்டத்துக்குப் பெருமை. அந்தச் சோதனைக்கு வேண்டியது என்ன? ஐந்து மைக்ரோலிட்டரைத் தவறாமல் எடுத்து, தவறாமல் விடும் கை. ஒரு சொட்டுத் தண்ணீரில் சிறு பங்கே ஆன அளவு அது. பிப்பெட்டின் பொத்தானை முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையைத் திரவத்தின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து, மெதுவாக விட வேண்டும். சட்டென்று விட்டால் காற்றுக்குமிழி ஏறும், அளவு பிசகும். வெறும் தண்ணீரையும் தராசையும் வைத்துக்கொண்டு இதைப் பழகலாம். நூறு மைக்ரோலிட்டர் தண்ணீர் நூறு மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து முறை எடுத்தால் பத்து முறையும் காட்ட வேண்டும். பைசா செலவில்லாத இந்தப் பயிற்சியைத் தினமும் கால் மணி நேரம் ஒரு மாதம் செய்தவரின் கை தனியாகத் தெரியும்.

அதோடு இன்னொன்று. ஒவ்வொரு சோதனையிலும் மாதிரியே சேர்க்காமல் தண்ணீர் மட்டும் விட்ட குழாய் ஒன்று இருக்கும். அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால்? எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது; அன்றைய முடிவு முழுவதும் செல்லாது. எட்டு மணி நேர வேலையைத் தானே செல்லாது என்று எழுதும் நேர்மை வேண்டும். நோயாளியின் சளியாக இருந்தாலும் வாழையின் இலையாக இருந்தாலும் இந்த விதி ஒன்றே. ஆகவே வாழையில் பழகிய கை மருத்துவ ஆய்வகத்தின் வேலையை விரைவில் கற்றுக்கொள்ளும்.

வைரஸோடு போகட்டும் என்றால், மண்ணில் இருக்கும் பூஞ்சையும் விடுவதில்லை. கேவண்டிஷ் வகை வாழையைத் தாக்காது என்று எண்ணப்பட்ட பனாமா வாடல் நோயின் முதல் இனம், தேனி மாவட்டத்து கிராண்ட் நைனைத் தாக்குவதை வாழை ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் 2010-ல் அறிவித்தார்கள். இதையே பாடமாக்க முடியாதா? முடியும். அதுவும் மிகக் குறைந்த செலவில். வாடிய மரத்தின் தண்டைப் பிளந்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடும். அந்தத் துண்டை மேற்பரப்புக் கிருமி நீக்கி, உருளைக்கிழங்கு ஊடகத்தட்டில் வைத்தால் சில நாளில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூஞ்சை படரும். நுண்ணோக்கியில் அதன் வித்துகள் அரிவாள் போல வளைந்திருக்கும். அதைத் திரும்ப ஆரோக்கியமான கன்றில் செலுத்தி, நோய் வந்து, மீண்டும் அதே பூஞ்சையைப் பிரித்தால்தான் குற்றவாளி இதுதான் என்று உறுதி. இது ராபர்ட் கோக் காலத்து முறை, இன்றும் மாறவில்லை. அதே தட்டில் எதிர்ப்புறம் டிரைக்கோடெர்மா என்னும் நற்பூஞ்சையை வைத்தால், ஒரு வாரத்துக்குள் பச்சையாக வளர்ந்து எதிரியின் மேல் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு பயிற்சியில் பிரித்தெடுத்தல், அடையாளம் காணல், நிரூபித்தல், உயிரியல் கட்டுப்பாடு நான்கும் அடங்கிவிடும். உயிர் உரமும் உயிர்ப் பூஞ்சணக்கொல்லியும் தயாரிக்கும் கூடங்களில் வேலை இதுதான். நோய்க் கிருமியைக் கையாண்ட தட்டுகளைக் காய்ச்சிக் கொல்லாமல் வெளியே போடக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். தோப்புகள் சூழ்ந்த ஊரில் அது கட்டாயம்.

சரி, எங்கே போய்ப் பழகுவது? பெரியகுளத்தில் 1957-ல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1990-ல் கல்லூரியான தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பிகேஎம்-1 முருங்கை என்று நாடெங்கும் விளையும் ரகத்தில் உள்ள மூன்றெழுத்தும் பெரியகுளத்தைக் குறிப்பவையே. காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒன்றரை இரண்டு மணிப் பயணத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1980-களின் நடுவில் இந்தியாவில் முதன்முதலாக உயிரித்தொழில்நுட்ப முதுகலைப் படிப்பைத் தொடங்கிய சில பல்கலைக்கழகங்களுள் அது ஒன்று. மலையேறினால் கேரளத்து மைலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். ஏலக்காய்க்கும் இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு: 1987-ல் கேரளத்தில் ஏ.வி. தாமஸ் நிறுவனம் ஏலக்காய்க் கன்றுகளைத் திசு வளர்ப்பில் பெருக்கியதே இந்தியாவில் வணிகத் திசு வளர்ப்பின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. உயிரித்தொழில்நுட்பத் துறை 1993 முதல் தொழில் நிறுவனங்களில் ஆறு மாதப் பயிற்சித் திட்டம் நடத்திவந்திருக்கிறது. உதவித்தொகையோடு ஒரு நிறுவனத்துக்குள் இருந்து கற்கும் வாய்ப்பு அது. திசு வளர்ப்பு, நோய்க்கண்டறிதல், தரக்கட்டுப்பாடு, உணவுச் சோதனை எதற்குப் போனாலும் தொடக்க ஊதியம் பெரிதாக இருக்காது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. கையும் குறிப்பேடும் தேறத் தேறத்தான் அது உயரும்.

பணம் கட்டி இரண்டு நாள், ஐந்து நாள் பயிற்சிக்குப் போகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். சான்றிதழ் கிடைக்கும், நிழற்படம் கிடைக்கும். திசு வளர்ப்பை ஐந்து நாளில் கற்க முடியாது. புட்டி கெடுவதற்கே மூன்று நாள் ஆகும், பிரிப்பதற்கு மூன்று வாரம் ஆகும். சேருமுன் பெற்றோர் நேரில் போய்க் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. ஒரு காற்றறைக்கு எத்தனை மாணவர்? வெட்டுவது யார், மாணவரா, பணியாளரா? தாம் வைத்த புட்டியை மாணவர் குறைந்தது இரண்டு சுற்று பின்தொடர்வாரா? கெட்டுப்போனால் திரும்பச் செய்ய ஊடகம் தருவார்களா? குறிப்பேட்டை யார் பார்த்துக் கையெழுத்திடுவார்கள்? கடைசியில், அங்கே பயின்ற ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் கெடுத்த புட்டி எத்தனை, ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். அவர் தேதியோடு பதில் சொன்னால் அந்த இடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம்.